வண்டிப் பட்டறை: உங்களால் நிமிர்த்த முடிகிற வண்டி எது?

வாசகர் கேள்விகளுக்கு மேட்டுப்பாளையம் பட்டறைக்காரர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அட்வென்ச்சர் பைக், அதாவது தாரிலும் மண்ணிலும் நெடுந்தூரம் ஓட்டுகிற உயரமான வண்டி பற்றியவை. வரி மாறியதிலிருந்தே இந்தப் பேச்சு சூடாகத்தான் இருக்கிறது. அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஸ்கூட்டர் பெல்ட், பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணே, வயது 34, உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. இப்போது 150 சிசி வண்டி ஓட்டுகிறேன். தினமும் வேலைக்குப் போய்வர 30 கி.மீ. லீவு கிடைத்தால் சிறுமலை, தாண்டிக்குடி, ஆடலூர் என்று கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் மனைவியும் வருவார். மாமனார் தோட்டத்துக்கு மண் ரோட்டில் போக வேண்டும். என்றாவது ஒருநாள் லடாக் போக ஆசை. ஆன்-ரோடு 3 லட்சம் வரை புரட்ட முடியும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 தவிர வேறு எதையும் பார்க்காதே என்கிறார்கள் நண்பர்கள். கேடிஎம் 390 அட்வென்ச்சர், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் மூன்றும் என் மனதில் இருக்கின்றன. எதை வாங்கலாம்?
— வாசகர், திண்டுக்கல்

தம்பி, உங்கள் நண்பர்களைக் குறை சொல்லமாட்டேன். ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான். 452 சிசி, 40 பிஎஸ் சக்தி, 40 நியூட்டன் மீட்டர் இழுவை, 17 லிட்டர் டேங்க், முன்னும் பின்னும் 200 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன். குழி தெரியாமல் போகும். ஆனால் எடை 196 கிலோ. அதோடு பையும் தண்ணீரும் சேர்ந்து 210ஐத் தாண்டிவிடும். மழை பெய்த மறுநாள் தோட்டத்து ரோட்டில் அது சாய்ந்தால் தூக்கப்போவது யார்? நீங்கள்தான். நண்பர்கள் அப்போது திண்டுக்கல்லில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வகை வண்டி வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் சிசி, மைலேஜ் எல்லாம் பிறகு பேசலாம் என்பேன். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். ஷோரூமில் இதற்கு விடமாட்டார்கள், கேட்டுப் பயனில்லை. புல்தரையில் வண்டியை மெதுவாகப் படுக்க வையுங்கள். பிறகு தனி ஆளாக நிமிர்த்திப் பாருங்கள்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை கியரில் போடுங்கள், அப்போதுதான் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதல் வேலையாக சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டு நிமிர்த்தி, அந்த வேகத்திலேயே மறுபக்கம் சாய்த்துவிடுவீர்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் கடைசிவரை திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பிட்டத்தை ஒட்டிக் குந்துங்கள். ஒரு கை கீழே இருக்கும் ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்கம்பியில். முதுகை வளைக்காமல், குட்டிக் குட்டி அடியாகக் கால்களால் பின்னோக்கித் தள்ளுங்கள். இப்படி ஒருமுறை தூக்கிவிட்டு, இரண்டு நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்க முடிந்தால் அந்த எடை உங்களுக்குச் சரி. இரண்டாம் தடவை அசையவில்லை என்றால் ஒரு படி குறைந்த எடைக்கு வாருங்கள். மண்ணில் ஒருநாளில் ஒரு தடவை விழுந்ததோடு நிற்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

அடுத்து பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு மேற்பட்டவைக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. நீங்கள் சொல்லும் ஆன்-ரோடு 3 லட்சத்தில் ஹிமாலயன் 450 அடங்காது. கேடிஎம் 390 அட்வென்ச்சரும் அடங்காது. கடன் போட்டு எட்டிப்பிடிக்கலாம்தான். ஆனால் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸுக்கு வைத்த காசும் அதில் போய்விடும். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் இப்படிப் பலரைப் பார்க்கிறேன்: மூன்றரை லட்சம் ரூபாய் வண்டி, காலில் ரப்பர் செருப்பு.

இப்போது உங்கள் சாலைக்கு வருவோம். கடிதத்தை மறுபடி படித்தேன். தினசரி 30 கி.மீ. தார் ரோடு. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் தார்தான். தாண்டிக்குடி, ஆடலூர் ரோடுகள் குறுகலானவை, அங்கங்கே பெயர்ந்திருக்கும், ஆனாலும் தார். மண் என்பது தோட்டத்துக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரம் மட்டும். கூடவே பின்சீட்டில் மனைவி. ஆக உங்களுக்கு வேண்டியது தாரில் இருவரை அலுப்பில்லாமல் ஏற்றிப்போய், மண்ணில் முகம் சுளிக்காமல் இறங்குகிற வண்டி. மண்ணுக்காகவே பிறந்த வண்டி வேண்டாம்.

அந்தக் கணக்கில் எக்ஸ்பல்ஸ் 210 முதலில் கழிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி அது. 24.6 பிஎஸ், 170 கிலோவுக்குள் எடை, முன்னால் 21 அங்குலச் சக்கரம். தனியாக மண்ணில் சுற்றுகிறவருக்கு இந்த விலையில் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இரண்டு பேர், இரண்டு பை, நான்குவழிச் சாலையில் நூறைத் தொட்டபடி மூன்று மணி நேரம் என்றால் அது திணறும். பின்சீட்டும் ஒடுக்கம். அப்படியும் அதன்மேல் ஆசை விடவில்லை என்றால், வீட்டம்மாவை முதலில் பின்னால் உட்கார வைத்து வத்தலக்குண்டு வரை போய்வந்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

மீதி இருப்பது சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ். உங்கள் பட்டியலில் இல்லாத டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300ஐயும் அதோடு சேர்த்துப் பாருங்கள். வி-ஸ்ட்ராம் 249 சிசி, 26.5 பிஎஸ், எடை 167 கிலோ. என்ஜின் அதிர்வில்லாமல் ஓடும், பின்சீட்டு அகலம், முன்சக்கரம் 19 அங்குல அலாய், டியூப்லெஸ். குறை என்றால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸை (மண்ணில் சில நேரம் அது வேண்டாம்) அணைக்க முடியாது, டேங்க் 12 லிட்டர்தான். ஆர்டிஎக்ஸ் ஓசூர்க் கம்பெனி வண்டி, 2025 அக்டோபரில் வந்தது. 299 சிசி, 36 பிஎஸ், 180 கிலோ. இருவர் ஏறி மலை ஏறும்போது அந்தப் பத்து பிஎஸ் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் அதன் என்ஜின் முழுக்கப் புதிது. புது என்ஜின் இரண்டு மழைக்காலம் தாண்டட்டும் என்று காத்திருக்கிற பழைய ஆள் நான். உங்களுக்கும் அந்தப் பொறுமை இருந்தால் ஆர்டிஎக்ஸ், இப்போதே தலைவலி இல்லாமல் வேண்டுமென்றால் வி-ஸ்ட்ராம். இரண்டின் சீட்டும் 835 மி.மீ. உங்கள் உயரத்துக்கு இரண்டு முன்பாதங்களும் ஊன்றும். அது போதும்.

லடாக்? ஆசை நியாயமானது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை போகிற பத்து நாளுக்காக வருடம் முழுக்க 196 கிலோவைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட்டில் பார்க்கிங் தேட வேண்டாம். லே நகரிலேயே ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கிறது.

மிச்சப்படும் பணத்தில் கணுக்கால் மூடிய பூட்ஸ், முழங்கால் கவசம், என்ஜின் கார்டு, என்ஜினின் அடியில் கல் அடிக்காமல் காக்கும் ஒரு பாஷ் பிளேட் வாங்குங்கள். இன்னும் மிச்சமிருந்தால் ஒரு நாள் ஆஃப்-ரோடு பயிற்சிக்குப் போங்கள். நின்றுகொண்டு ஓட்ட ஒழுங்காகப் பழகிவிட்டால் இருக்கிற சஸ்பென்ஷனே போதும் என்று தோன்றும்.

அண்ணா, எனக்கு உயரம் 157 செ.மீ. எக்ஸ்பல்ஸ் 200 4வி மேல் ஒரு கண். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு காலும் தரையில் பதியவில்லை. "உங்களுக்கு இது சரிவராது மேடம், ஸ்கூட்டர் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிஜமாகவே சரிவராதா?
— வாசகி, சேலம்

வரும் அம்மணி. அவர்களுக்கு ஸ்கூட்டர் விற்கிற அவசரம்.

அந்த வண்டியின் சீட் உயரம் 825 மி.மீ. ஆனால் அது ஆள் இல்லாதபோது அளந்த உயரம். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். சீட் ஒடுக்கமானது, அதனால் கால் விரியாமல் நேராக இறங்கும். பூட்ஸின் அடிப்பகுதி இன்னும் கொஞ்சம் கை கொடுக்கும். ஷோரூமுக்கு செருப்பில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு மறுபடியும் போங்கள். புரோ மாடலை மட்டும் தொடாதீர்கள், அதன் சீட் 891 மி.மீ., என்னைப் போன்ற நெட்டைக்கே அது மாடி ஏறுகிற வேலை.

இரண்டு காலும் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிறுத்தும்போது சீட்டில் இடப்பக்கம் அரை அங்குலம் நகர்ந்து, இடது பாதத்தை முழுசாக ஊன்றுங்கள். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். ஏற்காட்டு வளைவில் கூட்டம் நின்றால் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது அந்த வலது கால்தான். எங்கே நிற்கிறோம் என்று நிற்பதற்கு முன்பே பாருங்கள். இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். உயரம் குறைந்தவர்கள் விழுவது ஓடும்போது இல்லை. நிற்கும்போதும் யு-டர்ன் எடுக்கும்போதும்தான்.

சஸ்பென்ஷன் லிங்கை மாற்றி உயரம் குறைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். தரை இடைவெளி குறையும், சைடு ஸ்டாண்டு நீளம் ஒத்துவராமல் வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்று அடித்தால் மறுபக்கம் சாயும். சீட்டில் இருக்கும் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கிக்கொள்வது மலிவான வழி, பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிக்கொள்ளவும் முடியும். வண்டி எடை 160 கிலோவுக்குள். மேலே சொன்ன நிமிர்த்தும் முறை உங்களுக்கும் அதேதான். கைப்பலம் வேண்டாம், கால் பலம் போதும்.

முன்சக்கரம் 21 அங்குலமா, 19 அங்குலமா? ஸ்போக் வைத்த டியூப் டயர் வண்டி வாங்கலாமா, பஞ்சரானால் என்ன செய்வது?
— வாசகர், திருநெல்வேலி

மாட்டுவண்டிக்கு ஏன் அவ்வளவு பெரிய சக்கரம் வைத்தார்கள் என்று யோசித்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பெரிய சக்கரம் குழிக்குள் விழாமல் மேலாகக் கடக்கும், கல்லில் முட்டாமல் ஏறும். அதனால்தான் ஹிமாலயனும் எக்ஸ்பல்ஸும் 21 அங்குலத்தில் வருகின்றன. ஆனால் அதே பெரிய, ஒடுக்கமான டயர் வளைவில் திரும்பக் கொஞ்சம் சோம்பல்படும். வளைவு வளைவாகத் தார் ரோட்டில் போகிறவருக்கு 19 இனிக்கும். உங்கள் ஓட்டத்தில் கால்வாசிக்கு மேல் மண், கல், ஆற்று மணல் இருந்தால் 21. இல்லையென்றால் 19. எனக்கு இதில் குழப்பமே கிடையாது.

டியூப் விஷயம் வேறு. அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும் தாரில் நிம்மதி. ஆணி ஏறினால் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். ஆனால் அலாய் வளைந்தாலோ விரிசல் விட்டாலோ அதோடு முடிந்தது. ஸ்போக் ரிம் கோணினால் தட்டி, கம்பிகளை முறுக்கி நேராக்கிவிடலாம். இரண்டும் சேர்ந்தது வேண்டுமென்றால் டியூப்லெஸ் ஸ்போக் ரிம். ஹிமாலயன் 450 முதலில் டியூப்போடு வந்து, பிறகு இந்த வசதியும் சேர்ந்தது. பழையது வாங்குகிறவர்கள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூப் வண்டி வைத்திருப்பவர் வீட்டு வாசலிலேயே ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ள வேண்டும். டயர் லீவர் இரண்டு போதாது, மூன்று வேண்டும். சின்ன பம்ப், ஒட்டும் வில்லை, சக்கர அச்சை விடுவிக்கும் ஸ்பானர் கட்டாயம். ரிம்மோடு ஒட்டிக்கிடக்கும் டயர் விளிம்பைப் பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. காலால் மிதித்தும் அசையவில்லை என்றால், சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, கூட வந்தவரின் பைக் சைடு ஸ்டாண்டை டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஊன்றி, அந்த பைக்கை அதன்மேல் சாயுங்கள். 'பொதக்'கென்று பிரியும். டியூபை உள்ளே விடும்முன் லேசாகக் காற்றடித்து உருண்டையாக்கிக்கொள்ளுங்கள், லீவர் கடித்துப் புது ஓட்டை விழாது. டயருக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்க்க மறக்கக் கூடாது. முள் அங்கேயே இருக்கும், அடுத்த ஐந்தாவது கிலோமீட்டரில் மறுபடி குத்தும்.

இன்னொன்று. ஒரே ஒரு டியூப் கொண்டுபோக இடம் இருந்தால் 21 அங்குல முன் டியூபை எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்தில் மடித்துத் திணித்து அடுத்த ஊர் வரை போய்விடலாம். பின் டியூப் முன்னால் போகாது.

கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கீழே வந்து ஆறியதும் சரியாகிவிட்டது. வண்டியில் கோளாறா?
— வாசகர், திருப்பூர்

வண்டியில் பாதி, ஓட்டினவரிடம் பாதி. கோத்தகிரியிலிருந்து எங்கள் ஊருக்கு 33 கி.மீ. தூரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். சீசன் நேரத்தில் ஊட்டி போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி இந்த வழியாக இறக்கிவிடுவார்கள், அப்போது எங்கள் பட்டறை வாசலில் வரிசை கட்டி நிற்கும். பிரேக் டிஸ்க் நீலம் பாய்ந்து மயில் கழுத்து நிறத்தில் இருக்கும். டிஸ்கைக் கவ்வும் பேடைக் கழற்றினால் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். அந்த மினுமினுப்பு வந்த பேட் பிடிக்காது.

லீவர் பஞ்சானதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதித்தது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் லீவர் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். பாட்டில் மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

உங்கள் பக்கம்: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கிளட்ச் பிடித்துக்கொண்டு உருட்டுவது, பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைப்பது இரண்டும் ஆகாது. பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். இடையில் டிஸ்க் ஆறும். பெட்டியும் பின்சீட்டில் ஆளும் வைத்த கனமான அட்வென்ச்சர் வண்டிக்கு இது இன்னும் கட்டாயம்.

பழைய ஹிமாலயன் 411 நல்ல விலைக்கு வருகிறது. வாங்கும்போது எதைப் பார்ப்பது?
— வாசகர், ஈரோடு

வருடத்தை முதலில் பாருங்கள். 2016-ல் கார்புரேட்டரோடு வந்தது. 2017-ல் பிஎஸ்-4 என்ற புகை விதிக்கு மாறியபோது கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூல் இன்ஜெக்ஷன், 2018-ல் ஏபிஎஸ், 2020-ல் பிஎஸ்-6, அதோடு பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் ஸ்விட்ச். 450 வந்ததும் இது நின்றுவிட்டது. கிடைத்தால் 2020-க்குப் பிறகு வந்ததை வாங்குங்கள். 24 பிஎஸ் சொச்சம்தான், 199 கிலோ எடை, வேகத்துக்கு ஆசைப்படுகிறவர் பக்கத்திலேயே வர வேண்டாம். மெதுவான ஏற்றத்தில் குறைந்த சுற்றில் முக்கி முனகாமல் ஏறும் சுகத்துக்காக வாங்குகிற வண்டி அது. சீட் 800 மி.மீ. என்பதால் குள்ளமானவர்களுக்கும் தோது.

சோதிக்கும் முறை எந்த அட்வென்ச்சர் வண்டிக்கும் ஒன்றுதான். நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்தின் பேரிங், போய்விட்டது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். ஸ்பானரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுகியது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். பிறகு தரையில் படுத்து அடிப்பக்கம் பாருங்கள். பாஷ் பிளேட்டில் கீறல் இருந்தால் பரவாயில்லை, அதற்குத்தான் அது. ஆனால் பிளேட்டே நசுங்கி மேலேறி இருந்தால், அதைக் கழற்றி உள்ளே ஃப்ரேம் குழாயைப் பார்க்காமல் பணம் எண்ணாதீர்கள்.

ஆர்.சி.-யில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, நிலுவை அபராதம் உண்டா என்று அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். "அண்ணே ஒரு வாரத்தில் என்.ஓ.சி. (கடன் தீர்ந்த சான்று) வாங்கித் தருகிறேன்" என்றால், ஒரு வாரம் கழித்தே பணம்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி வைத்துக்கொண்டு கார்துங் லா ஏறலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

ஏறலாம், பலர் ஏறியிருக்கிறார்கள். லடாக்கில் இருக்கும் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பத்துக்கு ஆறு பங்குகூட இல்லை. காற்று குறைந்தால் எரிவது குறையும், சக்தியும் குறையும். உங்கள் 19 பிஎஸ் அங்கே 11ஐ ஒட்டி நிற்கும். ஃப்யூல் இன்ஜெக்ஷன் பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும், இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. முதல் கியர், இரண்டாம் கியர், பொறுமை. சாமானைக் குறையுங்கள், தனியாகப் போங்கள். வண்டியைவிட உங்கள் நுரையீரலைக் கவனியுங்கள். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடந்துவிட்டு மேலே போங்கள்.

மண் ரோட்டில் பழக எங்கே போவது? வால்பாறை, மசினகுடி பக்கம் காட்டுக்குள் பாதைகள் இருப்பதாகச் சொல்கிறார்களே?
— வாசகர், கோயம்புத்தூர்

பாதை இருக்கிறது. நீங்கள் போகக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், அது 1882-லிருந்து இருக்கிற சட்டம். வண்டியும் போகும், மானமும் போகும். யானை வந்தால் மூன்றாவதும் போகும். மலைக்காட்டு ஓரத்தில் இருக்கிறவன் என்ற முறையில் கோபமாகவே சொல்கிறேன், அந்த வீடியோ பார்த்துவிட்டு வராதீர்கள்.

பழகக் காடு தேவையில்லை. தெரிந்தவர் தென்னந்தோப்பில் சொல்லிவிட்டு இறங்குங்கள். மரங்களுக்கு நடுவே எட்டு போடுங்கள், முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி பிடித்து, நின்றுகொண்டே. உடம்பு நேராக இருக்கட்டும், வண்டி மட்டும் உங்களுக்குக் கீழே சாயட்டும். அடுத்து சரளையில் பிரேக். பின் ஏபிஎஸ்ஸை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, அது எப்படி ஆடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன் ஏபிஎஸ்ஸை அணைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். தோப்புக்காரருக்கு வரப்பை உடைக்காமல் திரும்பி வந்தால் அடுத்த ஞாயிறும் விடுவார்.

சைலன்சர் மாற்றினால் பவர் கூடுமா?
— வாசகர், ஆம்பூர்

சத்தம் கூடும். வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டினால் செலவும் கூடும்.

அலுமினியப் பெட்டியா, துணிப்பையா?
— வாசகர், காரைக்குடி

தார் ரோடு மட்டும், ஓட்டல் ஓட்டலாகத் தங்கல் என்றால் பெட்டி. பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். மண்ணில் இறங்குவீர்கள் என்றால் துணிப்பைதான். மணலில் வண்டி தடுமாறும்போது நாம் தானாகவே காலை ஊன்றுவோம். வண்டி முன்னே நகரும், ஊன்றிய கால் பின்னால் போய்ப் பெட்டியின் விளிம்புக்கு அடியில் மாட்டும். கெண்டைக்கால் முறிவு இப்படித்தான் வருகிறது. துணிப்பை வாங்கும்போது அடிப்பட்டை சைலன்சரில் உரசாதபடி ஒரு தகடு வைத்துக் கட்டுங்கள். கனமான சாமான், அதாவது டூல், செயின் ஸ்ப்ரே, தண்ணீர், எல்லாம் பையின் அடியில், முன்பக்கமாக. எல்லாவற்றையும் பின்கேரியரில் அடுக்கிக் கட்டினால் ஏற்றத்தில் ஹேண்டில் லேசாகிவிடும். கட்டி முடித்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, பட்டையை மறுபடி இறுக்குங்கள். முதல் முறை கட்டியது எப்போதும் தளரும்.